மீன் தொடாத சோறு

பிறகு பூமணி மச்சாள் என்ன சொன்னவ எண்டு கேளுங்கோ பிள்ளை. தேத்தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுக் கேளுங்கோ, ஆறப்போகுது. ஆத்தங்கரையிலை, போற வாற வெள்ளைக்காரச் சனத்துக்கு முன்னாலை, இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு சொல்லுறா: “தம்பி சோத்தைத் தொடேல்லை. எல்லாரும் கண்ணாலை கண்டியள் தானே. தொடேல்லை.”

தம்பி எண்டது எங்கடை இவரை. செத்துப்போன என்ரை மனிசனை. பூமணி அவருக்கு மூத்த தமக்கை. ஆர்ஜொந்தெயிலை, ஆத்துக்குக் கிட்ட, மாடி வீடொண்டிலை இருக்கிறா. ஆடி அமாவாசைக்கு இவருக்குப் பிண்டம் கரைக்க, நாங்கள் இருக்கிற லா சப்பலிலை இருந்து வெளிக்கிட்டு, சென் லசார் ஸ்ரேசனிலை ரெயின் எடுத்து நாங்கள் அங்கை தான் போறது.

ஊரிலை எண்டால் படைச்ச சோத்தைக் காகம் வந்து எடுக்க வேணும். இஞ்சத்தைக் காகத்துக்கு எங்கடை பாஷை விளங்காது. கா, கா எண்டு நான் கூப்பிட அது மற்றப் பக்கம் பறக்கும். அதாலை எங்களுக்கு மீன் தான். கோயிலிலை ஐயர் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்க, என்ரை மகன் சுதன் சோத்து உருண்டையைக் கொண்டுபோய், படியிலை குனிஞ்சு ஆத்திலை விடுவான். விட்டது தான் தாமதம், தண்ணி கொதிக்கிற மாதிரி மீன் வரும். மீன் திண்டால் போனவர் திண்ட மாதிரி. பேந்து நாங்கள் வீட்டை வந்து காத்தோட்டிக்காய் கறியோடை விரதச் சாப்பாடு சாப்பிடுவம்.

அந்த வருசம் அமாவாசை ஞாயிறிலை வந்துது. மீன் வரேல்லை.

உருண்டை எப்பன் நேரம் மிதந்தது. பிறகு உடைஞ்சு, சோறு சோறாப் பிரிஞ்சுது. மேலுக்கை இருந்து வெள்ளை நுரை ஒண்டு வந்து அதையும் கூட்டிக்கொண்டு போட்டுது. சவுக்கார மணம். கல்லிடுக்கிலை மீன் ஒண்டு வயித்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பூமணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரும்பி, என்ரை மருமகளைப் பார்த்தா.

ஆர் காய்ச்சின சோறு?

“சோறு ஆர் காய்ச்சினது?” எண்டு கேட்டா.

“நான் தான் மாமி” எண்டாள் ஜெசிந்தா.

“அதுதானே பாத்தன்” எண்டு சொல்லிப்போட்டு பூமணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. அவ்வளவு தான். அந்த ஒரு சொல்லு போதும், பிள்ளை. விளங்கிற ஆளுக்கு அது ஒரு கத்தி.

ஜெசிந்தா மன்னார்ப் பிள்ளை. வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவை. சுதன் அவளைத்தான் கட்டுவன் எண்டு நிண்ட நேரம் பூமணி எங்கடை வாசலிலை இருந்து அழுதவ. இவர் தான் சொன்னவர், “அக்கா, பெடியன் கட்டப்போறான், நீ ஏன் உன்னைக் கட்டிக் குடுக்கிற மாதிரி அழுறாய்” எண்டு. கலியாணம் நடந்துது. பூமணி வந்தா, சாப்பிட்டா, எல்லாருக்கும் பாயாசம் காணாது எண்டும் சொன்னா.

எனக்கு விரல் மடங்காது. பெரிய சட்டி தூக்கேலாது. அதாலை இவர் போன நாளிலை இருந்து ஜெசிந்தா தான் பிண்டச் சோறு காய்ச்சிறது. விடிய எழும்பி, தலை முழுகி, ஈரத்தலையோடை நிண்டு பச்சையரிசி களைவாள். எள்ளு, தயிர், வாழைப்பழம், எல்லாம் தனித்தனியா எடுத்து வைப்பாள். அவளின்ரை சாமிப்படம் ஒரு சுவரிலை, எங்கடை சாமிப்படம் மற்றச் சுவரிலை. ரண்டு பேரும் ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லை. மனிசர் தான்.

அண்டைக்கு ரெயினிலை வரேக்கை வெறும் சோத்துச் சட்டியை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தாள். வீட்டை வந்து சட்டியைத் தேச்சுக் கழுவி, எனக்கு எட்டாத மேல் தட்டிலை கவிட்டு வைச்சாள்.

“இனி நான் காய்ச்சேல்லை மாமி. என்னாலை ஏன் மாமாவைப் பட்டினி போடுவான்” எண்டாள்.

சுதனைப் பார்த்தன். அவன் டிவியைப் பார்த்தான். ரெஸ்ரோறன்ரிலை கத்தி பிடிக்கத் தெரியும், வீட்டிலை வாய் திறக்கத் தெரியாது. தேப்பன் பேச வேண்டிய இடத்திலை பேசுவார். இது ஆரைப்போல வந்ததோ தெரியாது, என்ரை பக்கத்திலை ஊமை ஒருத்தரும் இல்லை.

வாய் கிழிஞ்ச கிழவன்

இடையிலை ஒரு கதை சொல்ல வேணும், இல்லாட்டில் உங்களுக்கு விளங்காது நான் ஏன் இவ்வளவு துள்ளினனான் எண்டு.

இவர் இந்த நாட்டுக்கு முதல் வந்திட்டார். நான் ஊரிலை சண்டை முடிஞ்ச பிறகு தான் வந்தனான். அத்தினை வருசமும் அவர் கார் து நோர் ரெயில் ஸ்ரேசன் பக்கத்து ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினார். நான் வந்து இறங்கின முதல் ஞாயிறு. மற்றச் சனம் மனிசி வந்தால் அந்த இரும்புக் கோபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போவினம், படம் எடுப்பினம். இவர் ஒரு பையுக்கை காய்ஞ்ச பாணைப் போட்டு, “வாரும், எனக்குத் தெரிஞ்ச ஆக்களைக் காட்டுறன்” எண்டார்.

நான் ஆரோ சொந்தக்காரர் எண்டு நல்ல சேலை உடுத்துக்கொண்டு போறன். பார்த்தால் ஆர்ஜொந்தெயிலை ஆத்தங்கரை. பாணைப் பிச்சுப் போட, மீன் வருது. கெண்டை மாதிரி, ஆனா பெரிசு. அதுக்கை ஒரு மீனுக்கு மேல்வாய் கிழிஞ்சு தொங்கும். ஆரோ தூண்டில் போட, அறுத்துக்கொண்டு போனது போலை. “உவர் தான் வாய் கிழிஞ்ச கிழவன். நான் தனிய இருந்த காலத்திலை ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு உவர் தான் ஆள்” எண்டார்.

நான் சிரிச்சன். பிறகு சிரிக்கேல்லை. ஒரு மனிசன் எத்தினை வருசம் மீனோடை கதைச்சிருக்கிறார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அண்டையிலை இருந்து எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எண்டால் ஆறு தான். மழை எண்டால் குடை. குளிர் எண்டால் ரண்டு காற்சட்டை. ஓம், நானும் தான், சேலைக்குக் கீழை. அவர் நோயிலை விழும் வரை போனம். ஆஸ்பத்திரியிலை கிடந்துகொண்டும் கேட்டவர், “பாண் போட்டனீரோ?” எண்டு.

அப்பிடிப்பட்ட மனிசன் சோத்தைத் தொடேல்லையாம். மருமகள் வேதக்காரியாம். சொல்லுங்கோ பார்ப்பம், எனக்கு விசர் வருமோ வராதோ?

பூமணி காய்ச்சினது

பூமணி விடுற ஆள் இல்லை. “அடுத்த ஞாயிறு நான் காய்ச்சிறன். பரிகாரமாச் செய்வம்” எண்டு போன் எடுத்துச் சொன்னா. ஐயரிட்டைக் கேட்டவவோ, கேட்காமல் தானே ஐயர் ஆனவவோ, தெரியாது. போனம். ஜெசிந்தா வரமாட்டன் எண்டாள். “நீ வராட்டில் நானும் இல்லை” எண்டு நான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இருந்தன். வந்தாள்.

பூமணி பட்டுச்சேலை உடுத்து, கையிலை சோத்துச் சட்டி, நெத்தியிலை விபூதி மூண்டு குறி. சுதன் உருண்டையை விட்டான். எல்லாரும் தண்ணியைப் பார்க்கிறம்.

நுரை வந்துது. உருண்டையைக் கூட்டிக்கொண்டு போனது. அவ்வளவு தான்.

எனக்கு உள்ளுக்கை ஒரு சிரிப்பு. வெளியிலை காட்டேல்லை, கோயிலுக்குப் போட்டு வந்த ஆள் எல்லே. பூமணியைப் பார்த்தன். அவவுக்கு முகம் ஒரு மாதிரித் தான். ஆனா வாய் விட்டுக்குடுக்கேல்லை. “ஒருக்கால் கோவிச்சால் கோவிச்சது தான். தம்பி சின்னனிலையும் அப்பிடித்தான்” எண்டா.

அந்த நேரம் தான் தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவன் ஒருத்தர் தூண்டிலும் வலையுமா எங்களிட்டை வந்தார். முதலும் கண்டிருக்கிறன். எங்கடை இவருக்குக் கை காட்டுறவர். பெயர் தெரியாது, தொப்பி முசியே எண்டு தான் நாங்கள் சொல்லுறது. கையிலை வாளி. அதுக்கை செத்த மீன். ஜெசிந்தாவோடை பிரெஞ்சிலை கதைக்கத் தொடங்கினார். அவள் பல்லு டொக்டரிட்டை வேலை, நல்லாக் கதைப்பாள்.

நான் வாளியுக்கை பார்த்தன்.

மேலை கிடந்த மீனுக்கு மேல்வாய் கிழிஞ்சிருந்தது.

பிள்ளை, நான் அழேல்லை. எனக்குக் கோவம் தான் வந்துது. வாளியுக்கை கையை விட்டு அந்த மீனைத் தூக்கிப் பூமணிக்கு முன்னாலை பிடிச்சன். பட்டுச்சேலையிலை தண்ணி சொட்டிச்சுது. “மச்சாள், இது கோவிச்சு வராமல் விடேல்லை. இது செத்துக் கிடக்குது” எண்டன். “தள்ளிப் பிடியும், மணக்குது” எண்டா. அவவின்ரை பதில் அவ்வளவு தான்.

தொப்பி முசியே கொஞ்சம் மேலை, பாலத்துக்கு அங்காலை, கரையிலை இருக்கிற குழாயைக் காட்டினார். அதுக்கை இருந்து தான் நுரை வருது. இளஞ்சூடான தண்ணி, கையிலை பட்டால் வழுக்கும். ஜெசிந்தா எனக்குச் சொன்னாள்: “மாமி, இஞ்சை ரண்டு குழாய் இருக்காம். வீட்டு ஊத்தைத் தண்ணியும் பட்டறைத் தண்ணியும் ஒரு குழாயாலை போய், ஒரு இடத்திலை சுத்தம் செய்து தான் ஆத்துக்கு விடுறது. மற்றது மழைத்தண்ணிக் குழாய். அது நேர ஆத்துக்கு. ஆரோ பட்டறைத் தண்ணியை மழைக் குழாயிலை விடுறாங்கள் எண்டு முசியே சொல்லுறார்.”

“ஆராம்?”

“அது தான் தெரியாதாம். நிரூபிக்க வேணுமாம்.”

ஆத்துக்கு எத்தினை கந்தோர்

அடுத்த நாளிலை இருந்து ஜெசிந்தா போன் எடுத்தாள். வேலையிலை சாப்பாட்டு நேரத்திலை எடுப்பாள், வீட்டை வந்து எடுப்பாள். நான் பக்கத்திலை இருந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டு கேட்பன். ஆள் வரும் வரைக்கும் போனுக்கை ஒரே பாட்டு. அந்தப் பாட்டு எனக்கு இப்பவும் வரும், பாடிக் காட்டவோ? வேண்டாம்.

மேறி எண்ட நகரசபைக் கந்தோருக்கு எடுத்தால், கரை எங்கடை, தண்ணி எங்கடை இல்லை எண்டினம். தண்ணிக்காரருக்கு எடுத்தால், தண்ணியிலை ஓடுற கப்பல் எங்கடை, மீன் எங்கடை இல்லை எண்டினம். குழாய்க்காரருக்கு எடுத்தால், எந்தக் குழாய் எண்டு நம்பர் கேட்கினம். குழாயுக்கு ஆர் நம்பர் எழுதி வைச்சது? கடைசியிலை தண்ணிப் பொலிஸ் எண்டு ஒண்டு இருக்காம். எனக்குச் சந்தோசம். தண்ணிக்குப் பொலிஸ் வைச்ச நாடு நல்ல நாடு தானே. அவை சொல்லிச்சினம், வாறம் எண்டு.

வந்தினம். செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை ஆத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி. நுரை இல்லை, மணம் இல்லை. தொப்பி முசியே ஞாயிறு போத்திலிலை பிடிச்சு வைச்ச தண்ணியைக் காட்டினார். அது செல்லாதாம். அவை தங்கடை கையாலை, தண்ணி வரேக்கை பிடிச்சால் தான் செல்லுமாம். “அப்ப ஞாயிறு வாங்கோவன்” எண்டு ஜெசிந்தா கேட்டாள். எந்த ஞாயிறு, எத்தினை மணி எண்டு தெரியாமல் ஆள் அனுப்பேலாதாம்.

ஊத்தைத் தண்ணி விடுறவன் றொந்தேவு தந்து, நேரம் சொல்லி விடுவானோ, பிள்ளை? இண்டைக்குப் பத்து மணிக்கு விடப்போறன், போத்திலோடை வாங்கோ எண்டு?

இதுக்குள்ளை மேறியிலை இருந்து ஆள் வந்திட்டான். பிறகு ஒரு நாள் நானும் சுதனும் சும்மா ஒரு பிடி சோறு கொண்டு போயிருந்தம். மனம் கேக்கேல்லை. சட்டை மடிப்புக் கலையாத பெடியன் ஒருத்தன் வந்து நிண்டு, தண்ணிக்கை சோறு போடக்கூடாது, தண்ணி பழுதாகும், எலி வரும் எண்டான். சுதன் தமிழிலை எனக்குச் சொன்னான்.

நான் அந்தப் பெடியனைக் கையிலை பிடிச்சு, பாலத்துக்கு அங்காலை கூட்டிக்கொண்டு போய்க் குழாயைக் காட்டினன். அண்டைக்கும் ஞாயிறு. குழாய் வாயாலை நுரை தள்ளிக்கொண்டிருக்குது. அவன் பார்த்தான். நல்லாப் பார்த்தான். “அது எங்கடை தொசியே இல்லை, மதாம்” எண்டான்.

தொசியே எண்டால் கோப்பு; அவன்ரை தொசியே என்ரை ஒரு பிடி சோறு. நான் அந்தச் சோத்தை அவனுக்கு முன்னாலை வாயிலை போட்டுத் திண்டன். என்ன செய்யிறது, பிண்டம் இல்லை தானே, வெறும் சோறு. சுதன் வெக்கத்திலை ரெயின் முழுக்க வேறை கதிரையிலை இருந்து வந்தான்.

தின்னவும் மாட்டம் அந்த ஆத்து மீனை. நாங்கள் வாங்கிறது இஞ்சை கடையிலை, ஐசிலை கிடக்கிற கடல் மீன், செவுளைத் தூக்கிப் பார்த்து. பூமணி கேட்டா, “தின்னாத மீனுக்கு என்னத்துக்கு வழக்கு?” எண்டு. தின்னுறதுக்கு மட்டும் தானோ ஒரு உயிர் இருக்குது?

பூமணியின்ரை வாய்

மழைக்காலம் தொடங்கின நேரம் பூமணி எங்கடை வீட்டை வந்தா. ரூ பெர்தொனே நகைக்கடையிலை காப்பு மாத்த வந்தவ, எட்டிப் பார்த்தாவாம். ஜெசிந்தா தேத்தண்ணி வைச்சுக் குடுத்தாள். பூமணி குடிக்கேல்லை. வயிறு சரியில்லையாம். கோப்பை அவவுக்கு முன்னாலை ஆடை பிடிக்குது. ஜெசிந்தா குசினியுக்கை நிண்டு பார்க்கிறாள். அப்ப தான் எனக்கு விளங்கினது, உது ஒரு நாளைக் கதை இல்லை எண்டு. இனி நல்லது கெட்டது எல்லாத்திலையும் அவளின்ரை கைக்கு ஒரு குறை இருக்கும். செத்தவீட்டிலை சட்டி தொட விடாயினம். என்ரை செத்தவீடு உட்பட.

பூமணி தன்ரை மகன் கண்ணனைப் பற்றிப் பெருமை கதைக்கத் தொடங்கினா. கண்ணன் ஆர்ஜொந்தெயிலை லோண்டரி ஒண்டிலை வேலை. ஹோட்டல் கட்டில் சீலை, துவாய் எல்லாம் அங்கை தான் தோய்க்கிறது. “என்ரை பிள்ளையைப் போலை ஆர் பாடுபடுவினம்? ஞாயிற்றுக்கிழமையும் விடியப் போறான். மிசின் எல்லாம் நிப்பாட்டி, தொட்டி கழுவி, அந்தக் கிழமை மருந்துத் தண்ணி முழுக்கத் திறந்து விட்டிட்டுத் தான் வாறான். முதலாளிக்கு அவனிலை மட்டும் தான் நம்பிக்கை. வேறை ஒருத்தரையும் விடமாட்டான்.”

நானும் ஜெசிந்தாவும் ஒராளை ஒராள் பார்த்தம்.

“எங்கை திறந்து விடுறது மச்சாள்?” எண்டு கேட்டன், வலு சாதாரணமா.

“எனக்கென்ன தெரியும். குழாயுக்கை தான்” எண்டா.

அவ போன பிறகு, போனை எடு, தொப்பி முசியேக்குச் சொல்லு எண்டன். ஜெசிந்தா தொடேல்லை. “கண்ணன் அண்ணையின்ரை வேலை போகும் மாமி. அவருக்கு ரண்டு பிள்ளையள். என்ரை பேர் போனால் போகட்டும்” எண்டாள்.

இவளோடை நான் என்ன செய்ய? பேர் கெட்டவள் தான் பேர் கெடுத்தவவின்ரை பிள்ளைக்காக நிக்கிறாள். எனக்கு அவளிலையும் கோவம். வெங்காயத்தை எறிஞ்சுபோட்டுச் சுதனை இழுத்துக்கொண்டு கண்ணனிட்டைப் போனன். பூமணி வீட்டுக்கு இல்லை, லோண்டரி வாசலுக்கு. ஒளிச்சுச் செய்யக்கூடாது. அவன் என்ரை மனிசன்ரை மருமகன், என்ரை கையாலை புட்டுத் திண்டவன்.

கண்ணன் வெளியிலை வந்தான். சொன்னன். அவன் கையுறையைக் கழட்டிக் காட்டினான். உள்ளங்கையிலை தோல் உரிஞ்சு, சிவந்து, நகத்தைச் சுத்தி வெடிப்பு.

“இது கையுறை போட்டுத் தான் மாமி. அந்த மருந்து கையுறையுக்கையும் வரும். மீன் கையுறை போடுதே?” எண்டான். “முதலாளி இந்த வருசம் தான் இந்தக் குழாயிலை விடச் சொன்னவர். பிழையெண்டு ரண்டு தரம் சொன்னனான். மற்றக் குழாயிலை விடுறதெண்டால் வரி கூடவாம், தொட்டி கட்ட வேணுமாம். மாமா அந்த மீனுக்குப் பாண் போடுறவர் எல்லே. எனக்குத் தெரியும். ஞாயிறு திறக்கேக்கை எல்லாம் அவர் தான் நினைப்பிலை வாறவர்.”

“அம்மா?” எண்டன்.

“ஞாயிறு விடியத் தான் திறக்கிறனான், பொலிஸை வரச்சொல்லுங்கோ. அம்மாக்கு மட்டும் சொல்லாதேங்கோ” எண்டான். அதைச் சொல்லேக்கை தான் அவனுக்குக் கண் கலங்கினது.

அந்த ஞாயிறு

தொப்பி முசியே தன்ரை மீன்பிடிச் சங்கத்தாலை எழுதுவிச்சு, தண்ணிப் பொலிஸை ஞாயிறு விடிய வரப்பண்ணினார். நானும் போனன். ஜெசிந்தா பூசைக்குப் போக வேண்டியவள், முதல் நாள் பின்னேரப் பூசைக்குப் போட்டு என்னோடை வந்தாள். குளிர் எலும்புக்கை போச்சுது. ரண்டு காற்சட்டை போட்டும் காணேல்லை.

தண்ணி வந்துது. நுரை வந்துது. சீருடை போட்ட பெட்டை ஒருத்தி சப்பாத்தோடை இறங்கி, தன்ரை கையாலை போத்திலிலை பிடிச்சு, மூடி, முத்திரை வைச்சாள். ஒரு சொல்லுத் தேவையில்லாமல் கதைக்கேல்லை. இத்தினை மாசமா நாங்கள் கேட்டது அந்த ஒரு போத்தில் தான்.

லோண்டரியைப் பூட்டினாங்கள். கண்ணன் வீட்டிலை இருந்தான். பூமணிக்கு எல்லாம் தெரிய வந்துது. போன் எடுத்தா: “என்ரை வாயாலை பிடுங்கி என்ரை பிள்ளையின்ரை சோத்திலை மண் போட்டியள். நீரும் உம்மடை மருமகளும்.” நான் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் கண்ணன் சொன்னதைச் சொல்ல வேணும். பேச்சை வாங்கிக்கொண்டு இருந்தன். அது எனக்குப் பழக்கம் இல்லை, உங்களுக்குத் தெரியும் தானே.

கிழமைகள் போச்சுது. தொட்டி கட்டி, குழாயை மாத்தி, திரும்பத் திறந்தாங்கள். கண்ணனைத் திரும்ப எடுத்தாங்கள். அந்த மிசின் எல்லாம் வேறை ஆருக்கும் ஓடத் தெரியாது. வழக்கு இன்னும் நடக்குதாம். முசியே காணுற நேரம் எல்லாம் கையை விரிப்பார். இந்த நாட்டிலை மீன் சாக ஒரு காலமை போதும், மீனுக்கு நியாயம் கிடைக்க மீன்ரை பேரப்பிள்ளை வர வேணும்.

போன வருசம் ஆடி அமாவாசைக்கு நாங்கள் போனம். இலை இல்லை, பூ இல்லை, பிளாஸ்ரிக் தட்டு இல்லை; ஒரு சின்ன உருண்டை மட்டும், மேறிப் பெடியனுக்கும் மரியாதை. ஜெசிந்தா மேல் தட்டுச் சட்டியை எடுக்கமாட்டன் எண்டிட்டாள். கோயிலிலை வாங்கின சோறு தான். பூமணி வரேல்லை. சுதன் உருண்டையை விட, பெரிசுகள் ஒண்டும் வரேல்லை. விரல் நீளக் குஞ்சுகள் நாலைஞ்சு வந்து, கொத்திப்போட்டு ஓடிச்சுது. திரும்ப வந்து கொத்திச்சுது. சுதன் தண்ணியைப் பார்த்துக்கொண்டு குனிஞ்சபடியே இருந்தான். அந்த ஊமைக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டி வந்துது.

ஆனா அது காசுக்கு வாங்கின கோயில் சோறு, பிள்ளை. மனம் நிறையேல்லை. நாளைக்குத் திரும்ப ஆடி அமாவாசை. இண்டைக்கு விடியவும் கேட்டன். ஜெசிந்தா, “வேண்டாம் மாமி, விடுங்கோ” எண்டாள். லீவு போட்டிட்டு வீட்டிலை தான் நிக்கிறாள், ஆனா சட்டி மேல் தட்டிலை. எனக்கு எட்டுமெண்டால் நானே—

பொறுங்கோ, போன் அடிக்குது. பூமணியின்ரை பேருக்கு நான் கோழிப் படம் போட்டு வைச்சிருக்கிறன், எழுத்துத் தெரியாதெல்லே. பாருங்கோ, கோழி தான்.

ஓம் மச்சாள். என்ன, கீழையோ? ஓம், லிப்ட் வேலை செய்யேல்லை, திங்களிலை இருந்து. என்ன பை? ஓம். ஓம், அவள் நிக்கிறாள். நில்லுங்கோ, நில்லுங்கோ, நான் இறங்கி வாறன்.

கேட்டனீங்களோ? வாசலிலை நிக்கிறா. கண்ணன் தாயிட்டை எல்லாத்தையும் கக்கிப்போட்டானோ, மனிசிக்குத் தானா விளங்கிச்சுதோ, ஒண்டும் சொல்லேல்லை. பிழை எண்ட சொல்லு அந்த வாயிலை வராது, அதை எதிர்பார்க்காதேங்கோ. பச்சையரிசி கொண்டு வந்திருக்கிறாவாம், பாரமாம், படி ஏறேலாதாம். “பிள்ளை நாளைக்கு விடியத் தலை முழுகிறாளோ, இல்லையோ?” எண்டு ஜெசிந்தாவைப் பற்றிக் கேட்கிறா.

தேத்தண்ணிக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு, அந்தக் கதிரையிலை ஏறி மேல் தட்டுச் சட்டியை ஒருக்கால் இறக்கி விடுங்கோ பிள்ளை. நான் போய் அரிசியை வாங்கிக்கொண்டு வாறன்.